குமரி வெயிலில் கேமரா: எடுப்பதும் திருத்துவதும்

படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தரப்படுவது 'கோல்டன் ஹவர்': சூரியன் உதித்த பின் ஒரு மணி நேரம், மறைவதற்கு முன் ஒரு மணி நேரம். கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் கணக்கை நம்பிக் கிளம்பினால் ஏமாற்றம்தான். நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து வெறும் 8 பாகை வடக்கே. இங்கே சூரியன் சாய்ந்து ஏறாது. ஏறத்தாழ நேராக மேலே போகும், நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம். உதித்த அரைமணி நேரத்தில் மஞ்சள் வெளிறத் தொடங்கும், முக்கால் மணி நேரத்தில் முகத்தில் விழும் நிழல் கறுத்துவிடும். உதயத்துக்கு முந்தைய நீல வெளிச்சமும் 20, 25 நிமிடத்துக்கு மேல் நிற்காது. மே, ஜூனில் 6 மணியை ஒட்டியும் பிப்ரவரித் தொடக்கத்தில் 6.40 வாக்கிலும் உதயம். எந்த மாதமானாலும் உதயத்துக்கு 40 நிமிடம் முன்பே கரையில் இடம்பிடித்து, ட்ரைபாடை நிறுத்தி, ஃபோகஸ் பார்த்து முடித்திருக்க வேண்டும். சூரியன் வந்தபின் இடம் தேடுகிறவருக்கு நிறம் கிடைக்காது.

இடம் தேடுவதிலும் ஒரு கணக்கு உண்டு. ஜூனில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து சுமார் 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கும், டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளி உதிக்கும். திருவள்ளுவர் சிலைக்குப் பின்னால் சூரியன் வர வேண்டுமென்றால் டிசம்பரில் நீங்கள் கரையோரம் வடக்கே, சின்னமுட்டம் பக்கமாக நகர வேண்டும். ஜூனில் அதற்கு எதிர்த்திசை. போன மாதம் ஒருவர் எடுத்த இடத்தில் நின்று அதே படத்தை எதிர்பார்க்க முடியாது. அஸ்தமனமும் இப்படித்தான். அக்டோபர் பாதியிலிருந்து மார்ச் பாதிவரை குமரியில் சூரியன் கடலில் இறங்கும். கோடையிலும் ஆடியிலும் கரைப்பக்கமாக, தென்னைகளுக்குப் பின்னால் போய்விடும். உதய திசையையும் நேரத்தையும் தேதிவாரியாகக் காட்டும் இலவச ஆப்கள் உண்டு. முதல் நாள் ராத்திரியே வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்துவிடுங்கள்.

சூரியன் படத்தில் எவ்வளவு பெரிதாக விழும் என்பதையும் வீட்டிலிருந்தே கணக்கிடலாம். லென்ஸின் ஃபோக்கல் லெங்தை (மில்லிமீட்டரில் சொல்லப்படும் குவியத் தூரம்) 110-ஆல் வகுத்தால் சென்சாரில், அதாவது ஒளியைப் பதியும் தகட்டில், விழும் சூரியனின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 200 மி.மீ. லென்ஸில் 1.8 மி.மீ. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் உயரம் 24 மி.மீ. என்பதால் அது படத்தின் உயரத்தில் பதிமூன்றில் ஒரு பங்கு. மொபைலின் சாதாரண லென்ஸில் சூரியன் ஒரு புள்ளிதான். டிஜிட்டல் ஜூம் போட்டால் புள்ளி பெரிதாகும், விவரம் வராது. அதனால் மொபைலில் எடுப்பவர்கள் சூரியனை விட்டுவிட்டு, அந்த வெளிச்சம் படுகிற பாறையையும் ஈர மணலையும் மனிதரையும் எடுப்பதே நல்லது. மொபைலில் நல்ல படம் வரும் இடம் அதுதான்.

உதயத்தில் எக்ஸ்போஷரை (படத்துக்கு வேண்டிய வெளிச்ச அளவை) சூரியன் மேல் வைத்து அளக்காதீர்கள், தரையின் மேலும் வைக்காதீர்கள். சூரியனுக்குச் சற்றுப் பக்கத்து வானத்தில் அளந்து, கேமராவைத் திருப்பிச் சட்டகத்தை அமையுங்கள். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, எஃப் (லென்ஸ் துளை) 8, ஷட்டர் 1/250 நொடி என்று தொடங்கலாம். அங்கிருந்து ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் பாதியாகும்படி, குறைத்து ஒரு படம், இரண்டு ஸ்டாப் குறைத்து ஒரு படம். ஹிஸ்டோகிராமில் (இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் மேடு முட்டிக்கொண்டு நின்றால் வானத்தின் நிறம் போயிற்று என்று பொருள். சூரியத் தட்டு மட்டும் வெளுத்தால் பரவாயில்லை. அதைச் சுற்றி மஞ்சள் வெள்ளையாகிவிட்டால் எந்த எடிட்டிங்கும் அதைத் திருப்பித் தராது. இருட்டில் இருப்பதை ஓரளவு தூக்கலாம், வெளுத்துப்போனதில் தூக்க ஒன்றுமே இருக்காது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்களானால் அது இதுவாக இருக்கட்டும். கடலும் மணலும் வெள்ளைச் சுவரும் நிறைந்த இந்த மாவட்டத்தில் படங்கள் கெடுவது பெரும்பாலும் அந்த வலது ஓரத்தில்தான்.

ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை) ஆட்டோவில் விடாதீர்கள். கேமரா ஆரஞ்சு நிறத்தை ஏதோ குறை என்று நினைத்து நீலம் கலந்து சரிசெய்துவிடும். 'டேலைட்' என்று வைத்தால் கண் பார்த்ததுக்கு அருகில் வரும். கண்வைத்துப் பார்க்கும் ஆப்டிகல் வியூஃபைண்டர் உள்ள பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவில் தூரத்தை நெருக்கும் டெலி லென்ஸ் வழியாகச் சூரியனைக் கண்ணால் பார்க்கவே கூடாது. கண்ணுக்கு நிரந்தரப் பாதிப்பு வரலாம். பின்பக்கத் திரையில் பாருங்கள்.

கேமரா வெளிச்சத்தை அளப்பது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கற்க இந்த மாவட்டத்தில் இரண்டு இடங்கள் போதும்: தோவாளைப் பூச்சந்தை, தேரூர் குளம். கேமரா எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக்கொண்டு வெளிச்சத்தை அளக்கும். தோவாளையில் பிச்சிப்பூவும் மல்லிகையும் குவித்த கூடையை நிறைய நெருங்கி எடுங்கள். சட்டகம் முழுக்க வெள்ளை. கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், பூ வாடினதுபோல அழுக்காகத் தெரியும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (கேமராவின் கணக்கை ஸ்டாப் அளவில் ஏற்றி இறக்கும் வசதி) +0.7 அல்லது +1 ஏற்ற வேண்டும். அப்படியே தேரூர் குளத்துக்கு வந்து, கறுத்த தண்ணீரில் ஒற்றைக் கொக்கு நிற்பதை எடுங்கள். இப்போது சட்டகத்தில் பெரும்பங்கு இருட்டு. கேமரா அந்த இருட்டைச் சாம்பலாக உயர்த்தும், கொக்கின் இறகு வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். இங்கே −0.7 முதல் −1.3 வரை இறக்க வேண்டும். இரண்டும் வெள்ளைதான், ஒன்றுக்கு ஏற்றம், ஒன்றுக்கு இறக்கம். இதைக் கையால் செய்து பார்த்தவருக்கு எந்த மெனுவும் பிறகு பயம் தராது.

தோவாளையில் இன்னொரு சிக்கல். சந்தை விடிவதற்கு முன்பே களைகட்டிவிடும், வெளிச்சம் எல்இடி பல்புகளிலிருந்து வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான பல்புகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டரை 1/250 என்று வைத்தால் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும், அடுத்தடுத்த படங்களில் வெளிச்சம் மாறிமாறி வரும். 1/100 அல்லது 1/50 வைத்தால் பட்டை வராது. மொபைலிலும் ப்ரோ மோடில் இதையே வைக்கலாம். 1/50-இல் கை விரைந்து பூக்கட்டுவது கலங்கும். அது கலங்கட்டும், முகம் அசையாத நொடியில் அழுத்தினால் போதும், கையின் அசைவு படத்துக்கு அழகுதான். கேந்தியும் அரளியும் வாடாமல்லியும் அடர்நிறப் பூக்கள். இவற்றில் சிவப்பு மட்டும் மொத்த ஹிஸ்டோகிராம் முட்டுவதற்கு முன்பே தனியாக முட்டிவிடும், இதழின் மடிப்பு மறைந்து பெயிண்ட் பூசியதுபோல ஆகும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை கேமராவில் இயக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பறவைகளுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை. சுசீந்திரம் – தேரூர் ஈரநிலம் 2022-இல் ராம்சர் தலமானது (உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியல்). மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் சாலையிலிருந்தே தெரியும். மணக்குடி காயலும் புத்தளம் உப்பளமும் அருகில்தான். காலையில் கிழக்குக் கரையில் நில்லுங்கள், வெயில் உங்கள் முதுகில் விழட்டும். நிற்கும் பறவைக்கு 1/500, பறப்பதற்கு 1/1600, அதற்காக ஐஎஸ்ஓ 800 வரை போனாலும் தயங்க வேண்டாம். பறக்க வைத்துப் படம் எடுப்பதற்காகக் கல்லெறிவதும் கைதட்டுவதும் வேண்டவே வேண்டாம். இரைதேடும் நேரத்தைக் கெடுத்து எடுத்த படம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அது நல்ல படம் ஆகாது.

நண்பகல் வெயிலைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் கல்யாணமும் கோயில் கொடையும் நண்பகலில்தான் நடக்கின்றன. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் இங்கே சூரியன் நேர் உச்சியில் நிற்கும், மதியம் 12.20 வாக்கில். அப்போது கண்குழி கறுத்து, நெற்றியும் மூக்குநுனியும் மட்டும் மின்னும். ஆளை வெயிலிலிருந்து இரண்டடி பின்னால், வராந்தா நிழலின் விளிம்புக்கு நகர்த்துங்கள். முகம் வெளியே பார்க்கட்டும். முன்னால் இருக்கும் வெளிறிய முற்றமே கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி கண்குழியை நிரப்பிவிடும். செம்மண் முற்றமாக இருந்தால் முகத்தில் சிவப்பு ஏறும், பச்சைப் புல்லாக இருந்தால் பச்சை ஏறும், சிமெண்ட் தரைதான் சிறந்தது.

பத்மநாபபுரம் அரண்மனை இதற்கு நேர் எதிர். தாழ்ந்த மரக்கூரை, மின்னும் கறுத்த தரை, அழிச்சன்னல் வழியாக வரும் கீற்று வெளிச்சம். சன்னலுக்கும் உள்ளறைக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு எந்த கேமராவும் ஒரே படத்தில் தாங்காத அளவு. இரண்டையும் ஒரே படத்தில் காப்பாற்ற நினைக்காதீர்கள். சன்னலைச் சட்டகத்துக்கு வெளியே வைத்து, அதன் வெளிச்சம் விழும் தரையையும் தூணையும் எடுங்கள். முழங்காலிட்டுத் தாழ்ந்தால் தரையில் எதிரொளி இரட்டிப்பாகும். எஃப் 4, 1/30, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200. முழங்கையை விலாவில் ஒட்டி, மூச்சை விட்டு நிறுத்தி, மூன்று படம் தொடர்ந்து அழுத்தினால் நடுப்படம் கூர்மையாக வரும் வாய்ப்பு அதிகம். திங்கட்கிழமை விடுமுறை. கேமராவுக்குத் தனிச்சீட்டு, ட்ரைபாட் விதி இவற்றை வாசலில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். சுசீந்திரம் கோயிலுக்குள் படம் எடுக்கக் கூடாது; தெப்பக்குளத்தின் எதிர்க்கரையிலிருந்து கோபுரத்தின் நிழலை எடுக்கலாம், காற்று எழும்புவதற்கு முன்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளை 1/1000-இல் எடுத்தால் இறக்கைகள் செத்து நிற்கும். 1/15-க்கு இறக்குங்கள், பெரிய புதுக் காற்றாலைகள் மெல்லச் சுழலும், அவற்றுக்கு 1/8. ஆனி ஆடிக் காற்றில் ட்ரைபாட் நடுங்கும்: கேமராவின் தோள்வாரைக் கழற்றுங்கள், நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், கீழே பையைத் தொங்கவிட்டால் அது தரையைத் தொடும்படி இருக்கட்டும், ஆடும் பை இன்னும் கெடுக்கும். திற்பரப்பில் தண்ணீர் பஞ்சாக வர 1/4 முதல் 1 நொடி போதும். அதற்கு மேல் போனால் அருவி வெறும் வெள்ளைத் திரையாகிவிடும். 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (லென்ஸின் முன் மாட்டும் கறுப்புக் கண்ணாடி) வெளிச்சத்தை 64-இல் ஒரு பங்காக்கும், 1/60 இருந்த இடத்தில் 1 நொடி கிடைக்கும். எஃப் 22-க்கு லென்ஸ் துளையை மூடி இதைச் சாதிக்க நினைத்தால் டிஃப்ராக்‌ஷனால் (சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவதால்) படம் முழுக்க மழுங்கும். மாத்தூர் தொட்டிப்பாலத்தை 115 அடி கீழே ஆற்றங்கரையிலிருந்து அண்ணாந்து எடுக்கும்போது தூண்கள் உள்நோக்கிச் சாயும். பின்னால் எடிட்டில் நிமிர்த்தலாம், ஆனால் நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும். எடுக்கும்போதே நாற்புறமும் கொஞ்சம் தாராளமாக இடம் விடுங்கள்.

ஆளைப் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். "அக்கா, ஒரு போட்டோ எடுக்கட்டா?" என்ற ஒரு கேள்வி போதும். வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிட்டு மீன் விலை கேளுங்கள். சம்மதித்தவருக்கு அந்தப் படத்தை அனுப்பிவையுங்கள். அடுத்த முறை அதே துறையில் நீங்கள் அந்நியர் இல்லை.

கடற்கரையில் எடுத்தபின் செய்ய வேண்டியதை இங்கே சொல்லாவிட்டால் குற்றம். முட்டத்துப் பாறையிலும் சங்குத்துறையிலும் அலைத்திவலை லென்ஸில் படிந்து, காய்ந்து, உப்புத் துகளாகும். அதை வேட்டி நுனியால் உலர்வாகத் துடைத்தால் பூச்சில் கீறல் விழும். முதலில் கையால் அமுக்கும் ஊதியால் ஊதுங்கள். பிறகு லென்ஸ் திரவம் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் உப்பைக் கரைத்து எடுங்கள். கடைசியில்தான் உலர்த் துணி. கேமரா உடலையும் ட்ரைபாட் கால்களையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். ஏசி அறையிலிருந்து நேராகக் கரைக்கு வந்தால் லென்ஸ் வியர்க்கும். பையைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளிக்காற்றில் வைத்துவிட்டுத் திறங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் பூஞ்சணம்தான் பெரிய எதிரி. காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர்: 40 முதல் 50 சதவீதத்துக்குள் நின்றால் போதும். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். அரிசிப் பானை ஈரத்தை அதிகம் உறிஞ்சாது, தூசியைத்தான் தரும். லெதர் உறைக்குள் அடைத்து வைப்பது பூஞ்சணத்தை வீட்டுக்கு அழைப்பதற்குச் சமம்.

இனி எடிட். 'ரா' கோப்பில், அதாவது சென்சார் பதிந்ததை கேமரா திருத்தாமல் சேமிக்கும் கோப்பில், எடுத்தால் மட்டுமே மேலே சொன்னதெல்லாம் முழுப் பலன் தரும். ஜேபெக்கில் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு நிறத்துக்கு 256 படி. ரா கோப்பில் 12 பிட் என்றால் 4,096, 14 பிட் என்றால் 16,384. இருட்டைத் தூக்கும்போது இந்த வித்தியாசம் வானத்தில் பட்டையாகத் தெரியும் அல்லது தெரியாமல் இருக்கும். மென்பொருள் எதுவானாலும் சரி: காசில்லாமல் டார்க்டேபிள், ராதெரபி உண்டு; மொபைலில் ஸ்னாப்சீட் டிஎன்ஜி வகை ரா கோப்பைத் திறக்கும்; லைட்ரூம் வைத்திருப்பவர்கள் அதிலேயே செய்யலாம்.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு வரிசையாகப் பார்ப்போம். விடியலில் கரமடி வலையைக் கரையில் நின்று இழுக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் கயிற்றில் சாய்ந்து நிற்கிறார்கள், பின்னால் ஆரஞ்சு வானம். வானத்தைக் காப்பாற்ற ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்ததால் ஆட்கள் இருட்டாக இருக்கிறார்கள். முதலில் அடிவானத்தை நேராக்குங்கள். ஒரு பாகை சாய்ந்தாலும் கடல் ஒருபக்கம் வடிவதுபோல இருக்கும். பிறகு க்ராப். கயிறு எந்தத் திசையில் போகிறதோ அந்தப் பக்கம் இடம் விடுங்கள். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஆள் இருந்தால் ஒன்று முழுதாகச் சேர்க்க வேண்டும், இல்லையேல் முழுதாக நீக்க வேண்டும். அடுத்து ஒயிட் பேலன்ஸ், 5,200-லிருந்து 5,600 கெல்வின் வரை நகர்த்திப் பாருங்கள். மொத்த எக்ஸ்போஷர் +0.4. ஹைலைட் (வெளிச்சப் பகுதி) −60, வானத்தின் மடிப்புகள் திரும்பும். ஷேடோ (நிழல் பகுதி) +35. இங்கேதான் பெரும்பாலோர் நிற்பதில்லை. ஷேடோவை +100 ஏற்றினால் எதிர்வெளிச்சத்தில் நிற்கிற ஆளின் மேல் எங்கிருந்து வெளிச்சம் வந்தது என்று கண் கேட்கும். இருட்டுப் பகுதியில் நிறப்புள்ளிகள் பொரியும், படம் சாம்பல் பூத்துவிடும். பிளாக்கை −10 இறக்கினால் ஈரக் கயிறும் தலைமுடியும் மறுபடி கறுப்பாகும், படத்துக்கு முதுகெலும்பு வரும்.

இதன் பிறகே மாஸ்க். ஆட்களை மட்டும் தேர்ந்து +0.3, அவ்வளவுதான். மாஸ்க்கின் விளிம்பு தோளைச் சுற்றி வெள்ளைக்கோடாகத் தெரிகிறதா என்று 100 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். டீஹேஸை 10-க்குள் வைத்திருங்கள். கடற்காற்றின் மூட்டம் தூரத்தைக் காட்டுகிறது, அதை முழுக்கத் துடைத்தால் பின்னால் இருக்கும் குருசடியும் (சிலுவை நிற்கும் சிற்றாலயம்) முன்னால் இருக்கும் ஆளும் ஒரே தட்டில் ஒட்டிக்கொள்ளும்.

தோலின் நிறத்தில் கைவைக்காதீர்கள். வெயிலிலும் உப்பிலும் உழைத்துக் கறுத்த உடம்பை வெளுக்கச் செய்வது படத்தைத் திருத்துவது ஆகாது, அந்த மனிதரை மாற்றுவது. ஆரஞ்சு நிறத்தின் லூமினன்ஸை (ஒளிர்வை) ஏற்றினால் தோல் வெளுப்பாகும் என்று சிலர் சொல்லித்தருவார்கள். வருவது வெளுப்புகூட அல்ல, சாம்பல் பூசிய தோல். கறுத்த தோலுக்கு அழகு அதில் பட்டுத் தெறிக்கும் ஒளிக்கோடு. தோளிலும் கன்ன எலும்பிலும் அது வெளுத்துப்போகாமல் ஹைலைட்டைக் காத்தாலே போதும். மொபைல்களில் 'பியூட்டி' வசதி கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும். அதை முதலில் அணையுங்கள்.

பச்சை நம் மாவட்டத்தின் அடுத்த சோதனை. நாஞ்சில் நாட்டு வயலும் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டமும் கேமராவில் ஏற்கெனவே கண் கூசும் பச்சையாக வரும். சேச்சுரேஷனை (நிற அடர்த்தியை) ஏற்றினால் பிளாஸ்டிக் இலை. பச்சை நிறத்தை மட்டும் தேர்ந்து சேச்சுரேஷனை −15 இறக்கி, ஹியூவை (நிறச்சாயலை) மஞ்சள் பக்கம் சற்று நகர்த்துங்கள். நாற்றும் கதிரும் வேறுவேறாகத் தெரியத் தொடங்கும். மழை பெய்து ஓய்ந்த வேளையில் இலைமேல் வானம் மினுங்குவதைக் குறைக்க போலரைசர் ஃபில்டர் ஒன்றே வழி, அதை எடிட்டில் செய்ய முடியாது.

ஷார்ப்பனிங் கடைசியில். மாஸ்கிங் ஸ்லைடரை ஏற்றினால் விளிம்புகள் மட்டும் கூர்மையாகும், வானத்தில் மணல் தூவியதுபோல வராது. நாய்ஸ் ரிடக்‌ஷனை அளவுக்கு மீறினால் முகம் மெழுகாகும்; கொஞ்சம் புள்ளி இருந்தாலும் மெழுகைவிட மேல். முடித்ததும் கோப்பை மூடிவிட்டு மறுநாள் பாருங்கள். ராத்திரி, திரையின் 'கண் பாதுகாப்பு' மஞ்சளை அணைக்காமல் செய்த எடிட் எல்லாம் பகலில் நீலமாகத் தெரியும்.

பகிர்வதற்கு நீளப்பக்கம் 2,048 பிக்சல், எஸ்ஆர்ஜிபி நிறவெளி, ஜேபெக் தரம் 85 போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பினால் சுருங்காது. பிரின்ட் போடுவது வேறு கணக்கு: 12-க்கு 18 அங்குலப் பிரின்டுக்கு, அங்குலத்துக்கு 200 பிக்சல் வீதம் 2,400-க்கு 3,600 பிக்சல், அதாவது 9 மெகாபிக்சலுக்குள். பத்து வருடப் பழைய கேமராவும் அதைத் தரும். தாள், திரையைப் போல ஒளிவிடாது என்பதால் பிரின்டுக்கான பிரதியில் எக்ஸ்போஷரை +0.3 ஏற்றிக்கொள்ளுங்கள். லேபில் கொடுக்கும்போது ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம் என்று வாயால் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் இயந்திரம் இருட்டு உதயத்தைப் பளிச்சென்ற பகலாக்கித் தரும். முதலில் 4-க்கு 6-இல் ஒன்று போட்டு, வெயிலிலும் டியூப்லைட்டிலும் வைத்துப் பார்த்துவிட்டுப் பெரியதைச் சொல்லுங்கள்.